எதிர்த் தரப்புக்கு நான் எழுதிக் கொடுத்த பாரா

குன்னூரில், பஸ் ஸ்டாண்டிலிருந்து மேலே ஏறும் சாலையில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. ஜெராக்ஸ் என்பது போர்டில் இருக்கும் பெயர்தான். மழைக்காலத்தில் அந்த மிஷின் பாதி நாள் ஓடாது. காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் தாள் குடித்துவிட்டு உள்ளே போய் மடங்கிக்கொள்ளும். என் பிழைப்பு மனு எழுதுவது. எஸ்டேட் ஆட்கள் வருவார்கள், பஜார் கடைக்காரர்கள் வருவார்கள், குந்தா மலையின் குளிர் தாங்காமல் கீழே டிரான்ஸ்பர் கேட்கும் அரசு ஊழியர்கள் வருவார்கள். எல்லோருக்கும் நான் 'பாய்'தான். என் பெயரைக் கேட்டவர்கள் குறைவு.

எனக்குக் கோபம் சட்டென்று வரும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "ஏதோ பார்த்துப் போட்டு எழுதுங்க பாய்" என்று யாராவது சொன்னால் போதும், கையில் இருக்கிற பேனாவை வைத்துவிட்டு, "ஏதோ எழுத நான் எதுக்குங்க? அதை நீங்களே எழுதிக்கலாமே" என்பேன். எழுத்து என்றால் எனக்கு அவ்வளவு பெருமை. அந்தப் பெருமை ஒரு மனுஷிக்கு என்ன செய்தது என்பதைத்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

ஆரம்பத்தில் நான் எழுதிய மனுக்கள் வெறும் அழுகை. கஷ்டப்படுகிறோம், கருணை காட்டுங்கள், இவ்வளவுதான் இருக்கும். எங்கள் கடைக்குப் பின்னால் இருக்கும் சந்துக்குத் தெருவிளக்கு கேட்டு அப்படித்தான் இரண்டு பக்கம் எழுதினேன். நகராட்சி ஆபீசிலிருந்து ஒரே வரியில் பதில் வந்தது. அந்த வழியாகக் காட்டெருமைகள் இறங்கும், கம்பத்தில் முதுகைத் தேய்த்துச் சாய்த்துவிடும், ஆகவே இயலாது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கடிதத்தைக் கசக்கிப் போட்டேன். பிறகு எடுத்து நீவி விட்டுத் திரும்பப் படித்தேன். சந்திலிருக்கும் நாலு வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினேன். அடுத்த மனுவை வேறு மாதிரி எழுதினேன். 'காட்டெருமை கம்பத்தைச் சாய்த்துவிடும் என்று தாங்கள் சொல்வது உண்மை. ஆகவே நாங்கள் கம்பம் கேட்கவில்லை. சந்தின் இருபுறச் சுவர்களில் விளக்கை மாட்டினால் போதும். சுவருக்குச் சொந்தக்காரர்களின் சம்மதக் கையெழுத்து இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.' கொஞ்ச நாளில் விளக்கு எரிந்தது.

அன்றைக்கு எனக்குக் கொம்பு முளைத்துவிட்டது. அதன்பிறகு எந்த மனுவை எழுதினாலும் நடுவில் ஒரு பாரா போட்டு, எதிரில் உட்கார்ந்திருப்பவர் என்ன சொல்லி மறுப்பார் என்று நானே எடுத்துச் சொல்லி, அதற்கு நானே பதிலும் சொல்லிவிடுவேன். 'என்று தாங்கள் கருதக்கூடும்', 'என்ற ஐயம் எழலாம்' என்றெல்லாம் வரும். பெரும்பாலும் அது வேலை செய்தது. "பாய் எழுதிக் குடுத்தா ஆபீசர் வாயைத் திறக்க முடியாது" என்று பஜாரில் பேசிக்கொண்டார்கள். நானும் மேசையில் வர்க்கியும் டீயும் வைத்துக்கொண்டு, வந்தவரிடம் ஒரு வக்கீல் மாதிரி குறுக்குக் கேள்வி கேட்பேன். வீட்டிலும் இதே கதைதான். ஒரு நாள் என் மனைவி சலித்துப்போய்ச் சொன்னாள்: "நான் என்ன சொல்லுவேன்னு நீங்களே சொல்லி, அதுக்குப் பதிலும் நீங்களே சொல்லிக்கிறீங்க. நடுவுல நான் எதுக்குங்க? அடுப்புல வேலை கெடக்குது." நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

இந்தப் பெருமையெல்லாம் உச்சத்தில் இருந்த நேரத்தில்தான் அந்த அக்கா வந்தார். பக்கத்து எஸ்டேட் ஒன்றில் தேயிலைக் கொழுந்து பறிப்பவர். இலங்கைத் தோட்டத்தில் பிறந்து, சின்னக் குழந்தையாகத் தாயோடும் அண்ணனோடும் இந்தப் பக்கம் வந்து இறங்கியவர். பாவாடை சட்டை வயது தாண்டியதும் கொழுந்துக் கூடையைத் தூக்கியவர், ஓய்வு பெறும் வயதுக்கு வந்துவிட்டார். கணவருக்கு வாதம் வந்து ஒரு கையும் ஒரு காலும் விழுந்துவிட்டன. வாரத்தில் இரண்டு நாள் அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக் குன்னூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருவார்.

தொழிலாளர்களுக்கு எஸ்டேட் கொடுக்கும் லைன் வீடுகளின் விஷயம் எஸ்டேட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த வீட்டில் இருக்கும் யாராவது ஒருவருக்காவது எஸ்டேட்டில் பெயர் இருக்க வேண்டும், அதாவது நிரந்தர வேலை. அம்மா ஓய்வு பெற்றால் மகனோ மருமகளோ பேர் போட்டுக்கொள்வார்கள், வீடு தொடரும். இந்த அக்காவுக்கு ஒரே மகள், திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறாள், அங்கேயே கல்யாணமும் ஆகிவிட்டது. பேர் போட ஆளில்லை. ஆகவே ஓய்வு பெற்ற கையோடு வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

"ஒரு வருசம் மட்டும் இருக்க உட்டாங்கன்னா போதும் பாய்" என்றார். "டாக்டரு நடந்துருவாருன்னு சொல்றாருங்க. இந்த ஆஸ்பத்திரியை உட்டு வேற எங்கியும் போக முடியாதுங்க. தொரைக்கு ஒரு மனு எழுதிக் குடுங்க." துரை என்றால் எஸ்டேட் மேனேஜர். இப்போது இருப்பவர் வெளியூரிலிருந்து புதிதாக வந்த இளைஞர், ஆனாலும் லைனில் அவர் துரைதான்.

நான் என் குறுக்குக் கேள்விகளை ஆரம்பித்தேன். மகள் வீட்டுக்குப் போனால் என்ன? அது ஒற்றை அறை, அங்கே மாமியாரும் இருக்கிறார். வேறு சொந்தபந்தம்? அக்கா கொஞ்சம் தயங்கினார். கூடலூரில் ஓர் அண்ணன் இருப்பதாகச் சொன்னார். சொந்த வீடா என்றேன். சொந்த வீடுதான், இரண்டு அறை, ஐந்து பேர் இருப்பதாகச் சொந்தக்காரர்கள் சொல்லிக் கேள்வி என்றார். அப்போது எனக்குள் ஒரு மகிழ்ச்சி வந்தது, இன்றைக்கு நினைத்தால் கூசுகிறது. என் பாராவுக்குச் சரக்கு கிடைத்துவிட்டது.

"அங்க போக முடியாதுங்க பாய்" என்று அக்கா தானாகவே சொன்னார். ஏன் என்று கேட்டேன். சொன்னார்.

பல வருடங்களுக்கு முன்னால் கூடலூரில் அவருடைய அம்மா இறந்துபோனார். காலையில் வேலைக்கு ஆட்களைப் பிரித்து விடும் நேரத்தில் செய்தி வந்தது. கொழுந்து நிறைய இறங்கிக்கொண்டிருந்த சமயம், ஆள் பற்றாக்குறை. லீவு கேட்டால், பறித்த கொழுந்தை முதல் எடை போடும்வரை இருந்து முடித்துவிட்டுப் போ என்றார்கள். எடை முடித்து, கூடையை வைத்துவிட்டு, ஓடிப்போய் ஊட்டி பஸ்ஸைப் பிடித்து, அங்கிருந்து கூடலூர் பஸ்ஸைப் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அண்ணன் வாசலில் நின்று, ஊர் கேட்கச் சொன்னாராம்: "பொணத்தைத் தூக்கினதுக்கு அப்புறம் வந்தவளுக்கு இங்க என்ன வேலை? கூடைதானே உனக்கு அம்மா. அதுகிட்டயே போ." அக்கா வாசற்படி ஏறவில்லை. இந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினவர்தான். அதன்பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

சொல்லும்போது அக்காவின் குரல் உடையவில்லை. முந்தானை நுனியைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தார். நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டே மனதுக்குள் வாக்கியம் கட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மனு தயாராக இருந்தது. அந்தப் பாரா எனக்கு இன்னும் மனப்பாடம். 'மனுதாரருக்குக் கூடலூரில் உடன்பிறந்த அண்ணனின் சொந்த வீடு இருக்கும்போது, அங்கே சென்று தங்கலாமே என்று நிர்வாகம் கருதக்கூடும். அக்கருத்து நியாயமானதே. ஒரு தாய் வயிற்றில் பிறந்தவர்கள் முதுமையில் ஒருவருக்கொருவர் துணை நிற்பது நம் பண்பாடு. ஆயினும் மேற்படி வீடு இரண்டே அறைகள் கொண்டது என்பதையும், அதில் ஏற்கெனவே ஐந்து பேர் வசித்து வருகிறார்கள் என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.'

இதை நான் அக்காவுக்கு ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டினேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், அதனால் நானே வாசித்தேன். முடித்ததும் அக்கா கேட்டார்:

"ஏனுங்க பாய், அண்ணன் ஊட்டைப் பத்தி அவங்க கேக்கவே இல்லீங்களே. நாமளா எதுக்குங்க சொல்லோணும்?"

"அவங்க கேக்கறதுக்கு முன்னாடியே நாம பதில் சொல்லிட்டா அப்புறம் கேக்க மாட்டாங்கக்கா. இது என் தொழில். என்கிட்ட விடுங்க."

"அப்படி சொல்றதுன்னா, நான் அங்க தண்ணி கூடக் குடிக்க மாட்டேன்னு இருக்கறதையும் சொல்லிருங்க. அன்னைக்கு எனக்கு லீவு குடுக்காம வெச்சிருந்ததையும் எழுதிருங்க. அதுதானுங்களே காரணம்."

"அதெல்லாம் குடும்பச் சண்டை அக்கா. மனுவுல எழுதினா அசிங்கமா இருக்கும். லீவு விஷயத்தை எழுதினா எஸ்டேட்டைக் குத்திக் காட்டற மாதிரி ஆயிரும், தொரைக்குக் கோபம் வரும். ரூம் கணக்கே போதும்."

கொஞ்சம் எரிச்சலோடுதான் சொன்னேன். என் வாசகத்தில் கை வைக்கிறாரே என்ற எரிச்சல். அக்கா சொன்னார்: "நீங்க படிச்சவங்க. உங்களுக்குத் தெரியாததுங்களா." கையெழுத்து போட்டார். மனுவை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, மழை படாமல் மாராப்புக்குள் வைத்துக்கொண்டு போனார்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. அக்கா அதை எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்கு வந்தார். பிரிக்காமலே கொண்டு வந்திருந்தார், நான்தான் படித்துச் சொல்ல வேண்டும் என்று. பிரித்தேன். 'தங்கள் மனுவில் தாங்களே குறிப்பிட்டுள்ளபடி, தங்களுக்குக் கூடலூரில் உடன்பிறந்தவரின் சொந்த வீடு இருப்பதால், தங்கள் கோரிக்கையை ஏற்க இயலவில்லை. இந்த மாத இறுதிக்குள் வீட்டை ஒப்படைக்கவும்.'

தாங்களே குறிப்பிட்டுள்ளபடி. நான் அந்த இரண்டு சொல்லையும் வாய்விட்டுப் படிக்கவில்லை, விழுங்கிவிட்டேன். இதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். "முடியாதுன்னுட்டாங்கக்கா. நான் போய்ப் பேசிட்டு வரேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டு, கடையை மூடிவிட்டு எஸ்டேட் ஆபீசுக்குப் போனேன்.

அங்கே இருக்கும் கிளார்க் எனக்குப் பழக்கம். அவர் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்ததே நான்தான். டீ வரவழைத்தார். டீ வந்த பிறகுதான் பேசினார்.

"தொரைக்கு அப்படியொரு அண்ணன் இருக்கறதே தெரியாதுங்க பாய். ஆபீஸ்ல யாருக்குமே தெரியாது. அந்தம்மா ஃபைல்ல மகள் பேரு மட்டும்தான் இருக்குது. போக்கிடம் இல்லைன்னு ஒருத்தருக்குப் போன வருசம் இதே மாதிரி ஒரு வருசம் உட்டாரு. இந்தம்மாவுக்கும் உட்டுருவாருன்னுதான் நான் நெனச்சேன். மனுவைப் படிச்சுக் காட்டச் சொன்னாரு. படிச்சேன். அண்ணன் ஊடு இருக்குதுன்னு அவங்களே எழுதியிருக்காங்களே, நியாயம்தான்னும் எழுதியிருக்காங்களேன்னாரு. அப்புறம் நான் என்னத்தைப் பேசறதுங்க?"

"ரெண்டே ரூம்னு எழுதியிருக்கேனேங்க."

கிளார்க் சிரித்துவிட்டார், கேலியாக இல்லை. "நம்ம லைன் ஊடு எத்தனை ரூமுங்க பாய்? ஒரு ரூம், ஒரு சமையக்கட்டு. அதுல ஏழு பேரு இருக்காங்க."

அந்த லைனைத் தினமும் பார்க்கிறவன் நான். அங்கே ஆட்கள் எப்படிப் படுத்து எழுகிறார்கள் என்று தெரிந்தவன். இரண்டு அறை என்பது எஸ்டேட்காரர்களின் காதில் வசதியாகத்தான் விழும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? வாக்கியத்தின் அழகில் அது மறைந்துபோயிற்று.

அங்கேயே உட்கார்ந்து, அண்ணன் சொன்னதை, அன்று லீவு கிடைக்காததை, தண்ணீர் குடிக்காத சபதத்தை, எல்லாவற்றையும் இரண்டாவது மனுவாக எழுதினேன். அலங்காரம் எதுவும் இல்லை, அக்கா சொன்னபடியே எழுதினேன். கிளார்க் அதை இரண்டு முறை படித்தார். "இதை முதல்லயே எழுதியிருந்தா, தொரை ஒரு நிமிசம் யோசிச்சிருப்பாருங்க பாய். நம்ம எஸ்டேட்டால நடந்ததுன்னு தெரிஞ்சா யாரும் யோசிப்பாங்க. இப்பப் போய்க் குடுத்தா, முடியாதுன்னு சொன்ன பொறவு கதை கட்டறாங்கன்னுதான் நெனப்பாரு" என்றார். ஆனாலும் வாங்கி உள்ளே கொண்டு போனார். நான் வெளியே காத்திருந்தேன். அவர் திரும்பி வந்து தலையை மட்டும் ஆட்டினார். வடக்கே இருந்து வேலைக்கு வந்திருக்கும் ஒரு குடும்பத்துக்கு அந்த வீடு முந்தின நாளே ஒதுக்கியாகிவிட்டதாம்.

திரும்பி நடந்து வரும்போது விளக்கு மனுவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே எதிர்ப்பேச்சு ஆபீசிலிருந்தே வந்தது. பதில் அந்தச் சந்துக்காரர்களிடமிருந்து வந்தது. நான் செய்தது இரண்டையும் சேர்த்து எழுதியது மட்டும். அக்கா விஷயத்திலோ, யாரும் சொல்லாத மறுப்பை நானே உண்டாக்கி, நியாயமானது என்று அதற்கு மாலையும் போட்டேன். பதில் அக்கா வாயாலேயே வந்தது, அதை அசிங்கம் என்று தள்ளிவிட்டேன். எதிர்த் தரப்புக்கு மூன்று வரி, எங்கள் தரப்புக்கு ஒரு வரி, அதுவும் அறைக் கணக்கு. யாருக்காக மனு எழுதினேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

அக்காவும் கணவரும் இப்போது கூடலூரில்தான் இருக்கிறார்கள். அக்காவோடு வேலை பார்த்த ஒரு பெண் ஆதார் நகல் எடுக்க வரும்போது சொல்வாள். அண்ணன் வீட்டுப் பின்பக்கச் சாய்ப்பில் இடம். வைத்தியத்துக்குக் குன்னூர் வர முடிவதில்லை, கணவருடைய கால் தேறாமல் அப்படியே நின்றுவிட்டது. அண்ணனும் தங்கையும் ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு பேசிக்கொள்வதில்லை. அக்கா தெருக்குழாயில் தனியாகத் தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்கிறாராம். கேட்டதும் நான் மிஷினைச் சரிபார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

ஆனால் போவதற்கு முன்னால் அக்கா ஒரு முறை கடைக்கு வந்தார். அதைச் சொல்லாமல் இவ்வளவு நேரம் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறேன்.

மாதக் கடைசி. வெளியே ஒரு ஆட்டோவில் இரண்டு டிரங்குப் பெட்டியும் சுருட்டிய பாயும், அதற்கிடையில் கணவரும் இருந்தார்கள். நான் எழுந்து நின்றேன். தாங்களே குறிப்பிட்டுள்ளபடி என்ற அந்த வரியை அதற்குள் யாரோ அக்காவுக்குப் படித்துக் காட்டியிருப்பார்கள் என்று அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. "தப்பு என்னோடதுங்கக்கா" என்றேன். அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணனுக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. வாசல்ல நின்னு என்னால வாயைத் திறக்க முடியாது. கையில குடுத்துருவேன்."

தாளை எடுத்து வைத்தேன். "சொல்லுங்கக்கா, நீங்க சொல்றதை அப்படியே எழுதறேன்."

"அண்ணே, நான் வந்திருக்கேன். அவ்வளவுதான்."

எழுதினேன். தாளிலிருந்து பேனாவை எடுக்க மனம் வரவில்லை. இத்தனை வருடம் பேசாத மனிதர், ஊர் கேட்க விரட்டியவர், இந்த ஒரு வரியைப் பார்த்துக் கதவைத் திறப்பாரா? இன்னும் நாலு வார்த்தை சேர்த்தால் அக்காவுக்கு நல்லதுதானே என்று தோன்றியது. பழக்கம் விடவில்லை. "அக்கா, 'அன்னைக்கு நீ அம்மாவுக்கு வரலியே, இப்ப மட்டும் எதுக்கு வந்தே'ன்னு அவர் கேட்டா..." என்று ஆரம்பித்தேன்.

அக்கா தாளை என் கைக்கடியிலிருந்து மெதுவாக உருவிக்கொண்டார்.

"அதையும் நீங்களே அவருக்கு எழுதிக் குடுத்துராதீங்க பாய்" என்றார்.